அந்த வண்டிக்கு எந்த ஆயில்?

கடைக்காரி: ...பெட்ரோலா, டீசலா?

வந்தவள்: பெட்ரோல். ஆறு சிலிண்டர். முதல்லயே சொன்னேனே.

கடைக்காரி: சொன்னீங்க. இன்னொரு தரம் கேட்டேன். வண்டி விஷயத்துல ஆளுங்க ரெண்டாவது தரம் கேட்டாத்தான் நிஜத்தைச் சொல்வாங்க.

வந்தவள்: பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? வயசான வண்டி. ஒரு காலத்துல பெரிய பணக்காரங்க மட்டும் வச்சிருந்த வண்டி. அதுக்கு எந்த ஆயில் சரியா இருக்கும்னு சொன்னா, வாங்கிட்டுப் போயிட்டே இருப்பேன்.

கடைக்காரி: இவ்வளவு அவசரப்படுறவங்க வயசான வண்டி வச்சுக்கக் கூடாது. உக்காருங்க. அந்தப் பெரிய டப்பா மேலேயே உக்காரலாம்.

வந்தவள்: நிக்கிறேன். பரவாயில்ல.

கடைக்காரி: துணி அழுக்காயிடும்னு பார்க்கிறீங்களா?

வந்தவள்: அப்படியெல்லாம் இல்ல.

கடைக்காரி: பார்க்கலாம், தப்பில்ல. இங்க பார்க்காம உக்கார்ந்தவங்க எல்லாரும் பின்னால ஒரு கறுப்பு வட்டத்தோடதான் வீட்டுக்குப் போயிருக்காங்க. ...வண்டி உங்களோடதா?

வந்தவள்: தெரிஞ்சவங்களோடது.

கடைக்காரி: தெரிஞ்சவங்க... ரொம்பத் தெரிஞ்சவங்களா?

வந்தவள்: ஆயிலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

கடைக்காரி: சம்பந்தம் இருக்கும்மா. சொந்த வண்டின்னா எங்க ஒழுகுது, எப்பப் புகையுதுன்னு தெரிஞ்சிருக்கும். அடுத்தவங்க வண்டின்னா பாட்டு நல்லாப் பாடுதான்னு மட்டும்தான் தெரியும்.

வந்தவள்: புகை வரலை. ஒழுகவும் இல்ல. ராத்திரி அடியில அட்டை விரிச்சு வச்சு, காலையில எடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்ல.

கடைக்காரி: அட... அட்டையெல்லாம் விரிச்சீங்களா! யாரு சொல்லிக் குடுத்தது?

வந்தவள்: யாரும் இல்ல. எனக்கே தோணுச்சு.

கடைக்காரி: ம்... மீட்டர் எவ்வளவு காட்டுது?

வந்தவள்: ரெண்டு லட்சத்துக்கு மேல.

கடைக்காரி: சிக்னல்ல நிக்கிறப்ப ஆயில் விளக்கு மினுக்குதா?

வந்தவள்: இல்ல.

கடைக்காரி: காலையில கிளப்பினதும் மேல ‘டக்டக்’னு சத்தம்?

வந்தவள்: கொஞ்ச நேரம் வரும். அப்புறம் அடங்கிடும்.

கடைக்காரி: அது எப்பவும் அப்படித்தான்.

வந்தவள்: எது?

கடைக்காரி: அந்த மாதிரி வண்டிங்க எப்பவும் அப்படித்தான்னு சொன்னேன். ...இங்க பாருங்க, மூணு டப்பா வைக்கிறேன். இது அஞ்சு–முப்பது. தண்ணி மாதிரி ஓடும். இப்ப எல்லாரும் இதைத்தான் கேட்குறாங்க.

வந்தவள்: அப்ப அதையே குடுங்களேன்.

கடைக்காரி: இருங்க. இது புது எஞ்சினுக்குன்னு பண்ணினது. பழைய எஞ்சின் ஏற்கனவே வேற ஒண்ணோட பழகி, தேஞ்சு, இடைவெளி விட்டிருக்கும். அந்த இடத்துல இது நிக்காது. வழுக்கிட்டுப் போயிடும்.

வந்தவள்: ...ஆயிலைத்தானே சொல்றீங்க?

கடைக்காரி: வேற எதை?

வந்தவள்: சும்மா கேட்டேன். அந்தக் கடைசி டப்பா?

கடைக்காரி: இருபது–அம்பது. நல்லா கெட்டி. பழைய வண்டின்னாலே கண்ணை மூடிட்டு இதை ஊத்திடுவாங்க. சூட்டுல அசையாம நிக்கும். ஆனா காலையில கிளப்பினா மேல ஏறிப் போறதுக்கே நேரம் எடுத்துக்கும். அதுக்குள்ள எஞ்சின் காஞ்சு கிடக்கும்.

வந்தவள்: சில பேர் அப்படித்தான். காலம் போயிடும், இடத்தை விட்டு நகரவே மாட்டாங்க.

கடைக்காரி: ...ஆயிலைத்தானே சொல்றீங்க?

வந்தவள்: வேற எதை?

கடைக்காரி: ம்ம். நல்லாப் பேசுறீங்க. ...நடுவுல இருக்கறது பத்து–நாப்பது. பாதி சிந்தெட்டிக், பாதி சாதா ஆயில். முதல் நம்பர் எஞ்சின் குளிர்ந்திருக்கறப்ப எப்படி ஓடும்னு சொல்லும், ரெண்டாவது சூட்டுல எப்படித் தாங்கும்னு. இது காலையிலயும் ஏறும், மத்தியானமும் நிக்கும். உங்க வண்டிக்கு... உங்க தெரிஞ்சவங்க வண்டிக்கு இதுதான்.

வந்தவள்: முழு சிந்தெட்டிக் ஊத்தினா, ஆயிலை ஒழுகவிடாம அடைக்கிற ரப்பர் சீல் எல்லாம் போயிடும்னு சொல்றாங்களே, நிஜமா?

கடைக்காரி: பாதி கதை. நல்ல சீலை அது ஒண்ணும் பண்ணாது. ஏற்கனவே வெடிச்ச சீல்ல அழுக்கு அடைச்சுக்கிட்டு இருக்கும் பாருங்க, அதைக் கழுவி விட்டுடும். அப்புறம் ஒழுகும். ஓட்டை அதுக்கு முன்னாடியே இருந்தது. பழி மட்டும் புதுசா வந்தது மேல.

வந்தவள்: இது நல்லா இருக்கே. கேட்க ஆறுதலா இருக்கு.

கடைக்காரி: ஊத்தறதுக்கு முன்னாடி இன்னொண்ணு பண்ணுங்க. டப்பாவுக்குப் பின்னால பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கும். வண்டிக் கம்பெனிக்காரன் ஒத்துக்கிட்ட நம்பர். கையேட்டுல போட்டிருக்கறதும் இதுவும் ஒண்ணுதானான்னு பாருங்க. கையேடு முன்னாடி பெட்டிக்குள்ளதான் இருக்கும், பச்சை உறை போட்டு...

வந்தவள்: பச்சை உறைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைக்காரி: நான் தெச்ச உறை.

வந்தவள்: ஆக, தெரிஞ்சுக்கிட்டுதான் இவ்வளவு நேரம்...

கடைக்காரி: நீ தெருமுனையில நிறுத்தினப்பவே தெரியும். அந்த எஞ்சின் அணையும்போது ஒரு பெருமூச்சு விடும். கடை வாசல்ல இவ்வளவு இடம் கிடக்கு. அதை விட்டுட்டு அங்க நிறுத்திட்டு வெயில்ல நடந்து வர்றவ யாரா இருக்கும்?

வந்தவள்: தெரிஞ்சும் ‘உங்களோடதா’ன்னு கேட்டீங்களே.

கடைக்காரி: நீ என்ன சொல்றேன்னு பார்க்கணும்ல? ‘தெரிஞ்சவங்களோடது’! கட்டின புருஷனைத் தெரிஞ்சவங்கன்னு சொன்னவளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.

வந்தவள்: உங்க பழைய புருஷன்னு சொல்லியிருக்கணுமா?

கடைக்காரி: சொல்லியிருந்தா ஆயில் இன்னும் சீக்கிரம் கிடைச்சிருக்கும்.

வந்தவள்: ...போட்டோல இருக்கறதைவிட இளைச்சிருக்கீங்க.

கடைக்காரி: எந்த போட்டோ?

வந்தவள்: அத்தை அலமாரியில. துணிக்கு அடியில. எடுத்துப் போட மறந்துட்டாங்கன்னு நினைச்சேன்.

கடைக்காரி: இருக்கும்... மறந்திருப்பாங்க. நீயும் நான் நினைச்ச மாதிரி இல்ல.

வந்தவள்: எப்படி நினைச்சீங்க?

கடைக்காரி: இன்னும் கொஞ்சம் அசடா.

வந்தவள்: அப்படி இருந்திருந்தா உங்களுக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

கடைக்காரி: ரொம்ப.

வந்தவள்: நல்லவேளை, மறைக்காம சொல்றீங்க. நானும் சொல்லிடறேன். எனக்கு உங்களைப் பிடிக்காது. அந்த வண்டியையும் பிடிக்காது.

கடைக்காரி: வண்டி என்னடி பண்ணுச்சு உன்னை?

வந்தவள்: சீட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பட்டன் இருக்கே. அமுக்கினா சீட் தானா நகருமே. ஒண்ணு அவர் அளவு. ரெண்டு உங்க அளவு. கல்யாணம் ஆன புதுசுல நான் தெரியாம ரெண்டை அமுக்கிட்டேன். ‘ம்ம்ம்’னு முனகிக்கிட்டே போயி, கொஞ்சம் முன்னால, கொஞ்சம் மேலேன்னு நின்னுச்சு. யாரோ மடியில உக்கார்ந்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

கடைக்காரி: இன்னுமா அழிக்கலை அதை?

வந்தவள்: சிரிக்காதீங்க.

கடைக்காரி: சிரிக்கலை.

வந்தவள்: சிரிக்கிறீங்க. ‘அழிக்கணும்னா எப்படின்னு தெரியல’ன்னார் அவர். எனக்கு மூணாம் நம்பர். புரியுதா? அந்த வீட்ல எனக்கு மூணாம் நம்பர்.

கடைக்காரி: மூணைப் போய்ப் பெரிசாப் பேசுறே. இங்க எனக்கு நம்பரே இல்ல.

வந்தவள்: நீங்களா விட்டுட்டுப் போனதுதானே? ‘கடையா, நானா’ன்னு அவர் கேட்டாராம். ‘கடை’ன்னீங்களாம்.

கடைக்காரி: அப்படியா சொன்னார்? வேற ஊருக்கு மாத்தலாயிருக்கு, கடையை மூடிட்டு வான்னார். கேட்டதும் அவர், பதில் சொல்லிக்கிட்டதும் அவரே. நான் யோசிச்சிட்டு இருந்தேன். யோசிச்சு முடிக்கறதுக்குள்ள வக்கீல் வந்துட்டார். அப்புறம் பார்த்தா அந்த மாத்தலும் ரத்தாகி, இதே ஊர்ல உன்னைக் கட்டிக்கிட்டு உக்கார்ந்திருக்கார்.

வந்தவள்: ...இதை அவர் சொல்லவே இல்ல.

கடைக்காரி: எதைத்தான் சொன்னார்? சரி, விடு. ஆயில் வாங்கத்தான் வந்தியா? ஊர்ல வேற கடையே இல்லாத மாதிரி?

வந்தவள்: போன வாரம் ஒரு பழைய போர்வை தேடி பின்னாடி ஷெட்டுக்குப் போனேன். பெட்டிகளுக்குப் பின்னால ஒரு மூலையில ஆயில் டப்பா. ஒண்ணு மேல ஒண்ணா. மூடி திறக்காம. எல்லாத்துலயும் உங்க கடை ஸ்டிக்கர்.

கடைக்காரி: வாங்கி வச்சிருப்பார். அந்த வண்டி ஆயில் குடிக்கும். ரெண்டு லட்சம் ஓடின எஞ்சின்... மாசம் ஒரு லிட்டர் குடிக்கும்.

வந்தவள்: குடிக்காது.

கடைக்காரி: உனக்கென்ன தெரியும்?

வந்தவள்: ஞாயித்துக்கிழமை தவறாம ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவித் துடைச்சு, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்கிறேன். மேல் கோடு, கீழ் கோடு ரெண்டுக்கும் நடுவுல எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கு. தேன் நிறத்துல. ஒரு நூல் இறங்கலை. புகை இல்லை, ஒழுகல் இல்லைன்னு இப்பத்தான் உங்ககிட்டயே சொன்னேன். குடிக்காத வண்டிக்கு மாசா மாசம் எதுக்கு ஒரு டப்பா?

கடைக்காரி: வாரா வாரம் கம்பி பார்க்கிறியா நீ?

வந்தவள்: பேச்சை மாத்தாதீங்க.

கடைக்காரி: மாத்தலை. நான்கூட மாசத்துக்கு ஒரு தரம்தான் பார்ப்பேன்...

வந்தவள்: உங்களுக்கு மேல பார்க்கணும்னுதான் பார்த்தேன். வண்டியை அவ பார்த்துக்கிட்ட மாதிரி யாரும் பார்த்துக்கலைன்னு ஒரு பேச்சு அந்த வீட்ல வந்துடக் கூடாதுன்னு. அப்படிப் பார்த்துப் பார்த்து, கடைசியில என்ன கண்டுபிடிச்சேன் பாருங்க. அவர் இங்க வர்றார். ஆயில் ஒரு சாக்கு.

கடைக்காரி: அவர் வரலை.

வந்தவள்: டப்பா கால் முளைச்சு நடந்து வந்துச்சா?

கடைக்காரி: அவர் இந்த வாசப்படி மிதிச்சே வருஷங்கள் ஆச்சு. எதிர்ல வந்தாலும் அந்தப் பக்க நடைபாதைக்குப் போயிடுவார்.

வந்தவள்: அந்த முதல் டப்பாவை எடுங்க.

கடைக்காரி: எது?

வந்தவள்: அஞ்சு–முப்பது. தண்ணி மாதிரி இருக்குன்னீங்களே. அதை எடுங்க. அதையே ஊத்தறேன்.

கடைக்காரி: அதான் ஒத்துக்காதுன்னு சொன்னேனே...

வந்தவள்: ஒத்துக்க வேண்டாம். மலைச்சாலையில ஏத்தி, சூடேத்தி, நாசமாப் போகட்டும். வண்டி இல்லைன்னா ஆயில் இல்லை. ஆயில் இல்லைன்னா இந்தக் கடை இல்லை.

கடைக்காரி: தர மாட்டேன்.

வந்தவள்: வியாபாரம்தானே பண்றீங்க?

கடைக்காரி: வியாபாரம்தான். கொலை இல்ல. அது அவரோட வண்டின்னு நினைக்கிறியா? உன் மாமனார் ஆசையா வாங்கினது. அவர் போனதுக்கப்புறம் அத்தை அதைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் தூங்கப் போவாங்க. அதுக்குப் போய்...

வந்தவள்: அத்தையா? இன்னும் உங்களுக்கு அவங்க அத்தையா?

கடைக்காரி: வாயில வந்துடுச்சு.

வந்தவள்: வாயில வர்ற அளவுக்குப் பழக்கம் விடலை.

கடைக்காரி: ...உக்காரு.

வந்தவள்: வேண்டாம்.

கடைக்காரி: உக்காரும்மா. துணி போனாப் போகுது. சொல்றேன். அந்த டப்பா எல்லாம் வாங்கினது உன் மாமியார்.

வந்தவள்: ...யாரு?

கடைக்காரி: உன் மாமியார். உன் வீட்டுக்காரரைப் பெத்தவங்க.

வந்தவள்: விளையாடாதீங்க. அவங்களுக்கு முழங்கால் வலி. வாசல்வரைக்கும் வரவே ஆள் பிடிக்கணும். வாரத்துக்கு ஒரு நாள் கால் பயிற்சிக்கு மட்டும் வாடகை வண்டியில...

கடைக்காரி: வியாழக்கிழமை.

வந்தவள்: ...ஆமா.

கடைக்காரி: அந்தப் பயிற்சி இங்கதான். வருவாங்க, அதோ அந்த முக்காலியில உக்காருவாங்க. போறப்ப ஏதாவது கையில இருக்கணும்னு மாசத்துக்கு ஒரு டப்பா. வாடகை வண்டிக்காரரே அதை ஷெட்டுல கொண்டு போய் வச்சிடுவார்.

வந்தவள்: அத்தை... இங்க... ஆயில் கடையில...

கடைக்காரி: முதல் தரம் வந்தப்ப வாசல்லயே நின்னு, ‘வண்டிக்கு ஆயில் வேணும்’னாங்க. என்னைப் பார்க்க வந்தேன்னு சொல்லக் கூச்சம். நானாவது உள்ள வாங்கன்னு கூப்பிட்டிருக்கலாம். ‘எந்த வண்டிக்கு?’ன்னு கேட்டேன். அவ்வளவு திமிர் எனக்கு. அவங்களும் அசரலை. ‘உனக்குத் தெரியாத வண்டியா? சீக்கிரம் குடு, வெயில் அடிக்குது’ன்னாங்க.

வந்தவள்: அவருக்குத் தெரியுமா?

கடைக்காரி: தெரியாது. அந்த வண்டி ஒரு சொட்டு குடிக்காதுன்னு எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தரமும் ‘எந்த ஆயில் நல்லது?’ன்னு கேட்பாங்க. உன்கிட்டச் சொன்ன மாதிரியே நானும் மூணு டப்பாவை எடுத்து வச்சு, முதல்லேர்ந்து சொல்லுவேன். அவங்களும் புதுசாக் கேட்கிற மாதிரி கேட்பாங்க. அது முடிஞ்சப்புறம்தான் மத்த பேச்சு.

வந்தவள்: மத்த பேச்சா... என்ன பேசுவீங்க?

கடைக்காரி: சண்டைதான் போடுவோம்.

வந்தவள்: சண்டையா?

கடைக்காரி: பின்ன? ‘கடையைக் கட்டிக்கிட்டு அழு’ம்பாங்க. ‘உங்க பிள்ளையைக் கட்டிக்கிட்டு அழுதது போதும்’பேன். அப்புறம் டீ குடிப்போம்.

வந்தவள்: ...என்கிட்ட அவங்க ஒரு நாள்கூட சண்டை போட்டதில்லை.

கடைக்காரி: குடுத்து வச்சவ.

வந்தவள்: இல்ல. உங்களுக்குப் புரியல. ‘சாப்பிட்டாச்சும்மா’, ‘போதும்மா’, ‘நீ போய்ப் படும்மா’... விருந்தாளிகிட்டப் பேசுற மாதிரி. ஒரு தரம் பாலை அடுப்புல பொங்கவிட்டுட்டேன். திட்டுவாங்கன்னு நின்னேன். ‘பரவாயில்லம்மா’ன்னாங்க. குளியலறைக்குப் போய் அழுதேன், ஏன் திட்டலைன்னு. அப்புறம் பக்கத்து வீட்டம்மாகிட்ட மெதுவா சொல்றாங்க, ‘முன்னாடி இருந்தவ கண்ணு அடுப்பு மேலேயே இருக்கும்’னு.

கடைக்காரி: யாரு, நானா! நான் பால் காய்ச்சின பாத்திரத்தைத் தேச்சு எடுக்கவே ஒரு ஆள் வேணும்னு கத்துவாங்களே!

வந்தவள்: அங்க உங்களைத்தான் புகழ்றாங்க. மூடியை இறுக்கி மூடுறதுன்னா அவ. கணக்கு மனசுலயே போடுறதுன்னா அவ. அவ சிரிச்சா மாடிவரைக்கும் கேட்கும்...

கடைக்காரி: இரு, இரு. இங்க என்ன சொல்லுவாங்க தெரியுமா? ‘அவ நடந்தா தரைக்கே தெரியாது. நீ நடந்தா பாத்திரமெல்லாம் உருளும்.’ ‘அவ மாத்திரையை ஒரு வேளை மறந்ததில்லை. நீ உன் மாத்திரையையே மறப்பே.’ ‘எனக்கு முதுகு வலின்னு சொல்லவே வேண்டாம், அவ முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவா.’ வியாழக்கிழமை ராத்திரி எனக்கு வயிறு எரியும். எவ்வளவோ டீ போட்டுக் குடுத்திருக்கேன், இந்த மகராசியைப் பத்திக் கேட்கறதுக்காகவான்னு.

வந்தவள்: என்னையா... அப்படியா சொன்னாங்க?

கடைக்காரி: நான் ஏன் உன்னைப் பத்திப் பொய்யா நல்லது சொல்லணும்? எனக்கு என்ன தலையெழுத்து?

வந்தவள்: முதுகு வலியைப் பத்தி நிஜமாவே சொன்னாங்களா?

கடைக்காரி: சொன்னாங்க. சொல்லிச் சொல்லித்தான் உன்னைப் பிடிக்காமப் போச்சு எனக்கு.

வந்தவள்: ஒரு நாளாவது என் எதிர்ல சொல்லியிருக்கலாம்ல...

கடைக்காரி: என் எதிர்லயும்தான் சொன்னதில்லை. அங்க போய் மாடிவரைக்கும் சிரிக்கிறேன்னு சொல்றாங்களாம்... இங்க நான் சிரிச்சா ‘மெதுவா சிரி, ரோட்ல போறவன் விழுந்துடுவான்’. ...அழாதே. இந்தா, இந்தத் துணியில... ஐயோ, வேண்டாம், இது ஆயில் துணி.

வந்தவள்: நான் அழலை.

கடைக்காரி: சரி, நீ அழலை. இப்ப நான் கேட்கிறேன். நீ வந்து நின்னதிலேர்ந்து கேட்கணும்னு இருக்கேன். ஆயிலைப் பத்தி இவ்வளவு நேரம் வளவளன்னு பேசினதும் அதுக்குத்தான். நீயா ஏதாவது வாயை விடுவேன்னு பார்த்தேன். அவங்க ஏன் வர்றதில்லை? ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. முதல் வாரம் மழைன்னு நினைச்சேன். அடுத்த வாரம் கால் வலின்னு நினைச்சேன். அப்புறம், நீ கண்டுபிடிச்சுத் தடுத்துட்டேன்னு நினைச்சேன். அந்த எஞ்சின் சத்தம் கேட்டதும், உன்னோட அவங்களும் வந்திருக்காங்கன்னு ஓடி வந்து எட்டிப் பார்த்தேன். நீ மட்டும் இறங்கினே.

வந்தவள்: நான் தடுக்கலை. வர்றாங்கன்னே எனக்கு இப்பத்தான் தெரியும்.

கடைக்காரி: அப்ப?

வந்தவள்: விழுந்துட்டாங்க. சமையலறையில. கால் வழுக்கியில்ல... ரத்தக்குழாய் அடைப்புன்னு டாக்டர் சொன்னார். வலது பக்கம் அசையல. ஆஸ்பத்திரியில வச்சிருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்.

கடைக்காரி: ஐயோ... பேச்சு? பேச்சு இருக்கா?

வந்தவள்: இருக்கு. கொஞ்சம் குழறும். ஆனா... எல்லாம் பழசாப் பேசுறாங்க. மாமாவுக்குச் சாப்பாடு போட்டாச்சான்னு கேட்கறாங்க. தன் பிள்ளையைப் பார்த்து ‘தம்பி, காலேஜ் போகலையா’ன்னு கேட்கறாங்க.

கடைக்காரி: உன்னை?

வந்தவள்: என்னை உங்க பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. முதல் ரெண்டு நாள், ‘நான் அவங்க இல்ல அத்தை’ன்னு சொல்லிப் பார்த்தேன். முகம் அப்படியே வாடிப்போயிடும். ஸ்பூனைத் தள்ளி விட்டுடுவாங்க. அப்புறம் ஒரு நாள் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டப்ப, ‘இதோ வரேன் அத்தை’ன்னு போயிட்டேன். கிண்ணம் முழுக்க சாப்பிட்டாங்க. அன்னைக்குத்தான் முதல் தரமா என்னைத் திட்டினாங்க.

கடைக்காரி: என்னன்னு?

வந்தவள்: ‘கஞ்சியில உப்பு இல்லை, உன் கவனமெல்லாம் கடையில’ன்னு. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா எனக்கு... உங்க பேர்ல திட்டு வாங்கறதுக்கு.

கடைக்காரி: பைத்தியக்காரி. ஒரு ஆள்கிட்டச் சொல்லி அனுப்பியிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேனே. அவர் வேண்டாம்னாரா?

வந்தவள்: அவர் ஒண்ணும் சொல்லலை. நான்தான்... நான்தான் சொல்லியனுப்பலை. ராத்திரி பகலாப் பார்த்துக்கறது நான். நீங்க வந்து வாசல்ல நின்னா, அத்தை உங்க பக்கம் திரும்பிடுவாங்க. அப்புறம் நான் யாரு அந்த வீட்ல? யாரோ வேலைக்கு வந்த பொண்ணுன்னு நினைச்சுட்டா?

கடைக்காரி: நினைக்க மாட்டாங்க.

வந்தவள்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைக்காரி: தெரியாது. ஆனா அங்க நான் வந்து நின்னதும் அவங்க உன்னைத்தான் கேட்பாங்கன்னு எனக்கும் பயமாத்தான் இருக்கு. ...என்னைக் கூட்டிட்டுப் போறியா? உன்னைத்தான் கேட்கிறேன். அவரை இல்ல. நீ வரச்சொன்னாத்தான் வருவேன்.

வந்தவள்: ...வாங்க.

கடைக்காரி: மனசாரச் சொல்றியா?

வந்தவள்: இல்ல. ஆனாலும் வாங்க.

கடைக்காரி: அது போதும். ரெண்டு நிமிஷம் இரு. இந்தக் கையோட எப்படி அவங்களைத் தொடறது... சோப்பு போட்டுக் கழுவிட்டு, ஷட்டரை இறக்கிட்டு வந்துடறேன்.

வந்தவள்: கழுவாதீங்க... வேண்டாம் அக்கா, கழுவாதீங்க. வண்டிக்கு ஆயில் வாங்க நான் வரலை. இன்னைக்குக் காலையில அத்தை என் கையைப் பிடிச்சு மூக்குக்கிட்ட வச்சுப் பார்த்துட்டு, ‘நீ அவ இல்ல’ன்னு உதறிட்டாங்க. வாயையே திறக்கலை, ஒரு வாய் தண்ணிகூட இறங்கலை. ஷெட்டுக்கு ஓடிப்போய் ஒரு டப்பாவை உடைச்சு, முழங்கை வரைக்கும் பூசிக்கிட்டுப் போய் நின்னேன். அப்பவும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அதான்... உங்க கையில இருக்கறது எந்த ஆயில்னு பேச்சுவாக்குல கேட்டு, அதை வாங்கிட்டுப் போயிடலாம்னு வந்தேன். உங்களைக் கூப்பிடாமலே.